மருந்து ஒழுங்காக எடுக்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை: ஆதரவுக் குழுவில் சேருவதால் பயன் உண்டா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து 3 ஆண்டுகள் ஆகின்றன, கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, சோதனையில் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. மருத்துவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் மருத்துவமனைக்கு வெளியே வேறு எவருக்கும் இது தெரியாது. ஆதரவுக் குழு ஒன்றில் சேரும்படி அங்கே சொல்கிறார்கள். போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், உடம்பு நன்றாக இருக்கும்போது அது எதற்கு என்ற எண்ணம் இன்னொரு பக்கம். சேருவதால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு, அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது: தனிமையிலிருந்து வெளியே வர வேண்டுமானால் எல்லோரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டியதில்லை.

நான் மருத்துவர் அல்லேன். ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் 17 ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவன்; அவற்றில் 11 ஆண்டுகள் மாதந்தோறும் கூடும் ஆதரவுக் குழுவை ஒருங்கிணைத்தவன். ஆகவே மருந்தைப் பற்றி நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு குறையையும் இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பழகியவர்கள் எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர்கள். ஒரே ஒருமுறை வந்துவிட்டுத் திரும்பாதவர்களும், கடைசிவரை எந்தக் குழுவுக்கும் போகாமலேயே நன்றாக வாழ்ந்தவர்களும் என் கண்ணில் படவே இல்லை. குழுவின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கும் என்று வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாததிலிருந்து தொடங்குகிறேன். வைரல் லோடு தொடர்ந்து கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை, உடலுறவின் வழியாக உங்களிடமிருந்து எவருக்கும் எச்.ஐ.வி. தொற்றாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத இணையர்களை ஐரோப்பாவில் பின்தொடர்ந்த ‘பார்ட்னர்’ ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஆணுறை இல்லாத ஏறத்தாழ 58,000 உறவுகளில் ஒன்றில்கூட இணையரிடமிருந்து தொற்று கடக்கவில்லை. ஆண் இணையர்களை மட்டும் பின்தொடர்ந்த அடுத்த கட்டத்தின் முடிவு 2019-இல் வந்தது. அதில் ஏறத்தாழ 76,000 உறவுகள், அங்கும் பூஜ்யம்தான். (தாய்ப்பால் கொடுப்பதற்கு இதே உறுதியைத் தர முடியாது, அது தனியாகப் பேச வேண்டியது.) தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் இந்தக் கிருமி ஒருநாளும் பரவியதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, மனம் ஏற்பது வேறு. இந்த ஆய்வுகளையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்து எனக்கே பாடம் எடுக்கக்கூடிய ஒருவர், தங்கை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாமல் 6 ஆண்டுகள் இருந்தார். அவரை ஒதுக்கி வைத்தவர் வேறு யாரும் இல்லை; அவரேதான். மருத்துவர் படித்துக் காட்டும் சோதனை முடிவுகளில் இந்த ஒதுக்கல் தென்படாது.

உடம்பு நன்றாக இருக்கும்போது குழு எதற்கு என்று கேட்டீர்கள். இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருமுறை அவர் தன் மாத்திரைப் புட்டியை என் மேசைமீது வைத்தார். அது ஏ.ஆர்.டி. புட்டியே இல்லை, ஒரு வைட்டமின் புட்டி. மூல புட்டியின் சீட்டைக் கிழித்து, மாத்திரைகளை இதற்கு மாற்றி, பையில் போகும்போது குலுங்கிச் சத்தம் வராமலிருக்க மேலே பஞ்சு அடைத்திருந்தார். ஒவ்வொரு இரவும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சை எடுத்து, ஒன்றை விழுங்கி, பஞ்சை மறுபடி அடைத்து வைப்பார். 9 ஆண்டுகளாக இப்படி. அவருடைய வைரல் லோடும் உங்களுடையதைப் போலவே கண்டறிய முடியாத அளவில்தான் இருந்தது. பிறகு ஒரு குடும்ப விழாவுக்காக உறவினர்களோடு ஒரே அறையில் 4 நாட்கள் தங்க நேர்ந்தது. அந்த 4 நாட்களும் அவர் மாத்திரையைத் தொடவில்லை. மறதியாலோ அலட்சியத்தாலோ மட்டும் மருந்து நின்றுபோவதில்லை. ஒளிக்க இடமில்லாமலும் நின்றுபோகிறது. அந்த அறையில் ஒரே ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தால், ‘கொஞ்ச நேரம் வாசலில் யாரும் வராமல் பார்த்துக்கொள்’ என்று அவர் சொல்லியிருக்க முடியும்.

சக மனிதரின் துணை மருந்தை நிலைநிறுத்துகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டியுள்ள கயெலிட்சாவில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையுடன் 2007-இல் ஒரு முறையைத் தொடங்கினார்கள். உடல்நிலை சீராக உள்ள 25 முதல் 30 பேரை ஒரு குழுவாக்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டி, சிறிது நேரம் பேசவிட்டு, முன்கூட்டியே பொட்டலமிட்ட மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நடத்தியவர்கள் மருத்துவரோ செவிலியரோ அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்தக் குழுக்களில் இருந்தவர்களில் 97 சதவீதத்தினர் சிகிச்சையில் நீடித்தார்கள்; வழக்கம்போல் மருத்துவமனைக்கு வந்துபோனவர்களில் 85 சதவீதத்தினர். எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் சீராக இருந்தவர்களைத்தானே குழுவில் சேர்த்தார்கள், அவர்கள் எப்படியும் நீடித்திருப்பார்கள் என்று ஒருவர் வாதிட்டால் அதை முழுவதும் மறுக்க முடியாது. அதைவிட வலுவான சான்று ஜிம்பாப்வேயின் ‘ஸ்வாந்திரி’ திட்டத்திலிருந்து வருகிறது. எச்.ஐ.வி.யுடன் வளரும் பதின்வயதினருக்கு, அதே தொற்றுடன் வாழும் சற்று மூத்த இளைஞர்களையே துணையாக அனுப்பும் திட்டம் அது. ஷோனா மொழியில் அந்தப் பெயருக்கு ‘நான் இருக்கிறபடியே’ என்று பொருள். 16 மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. 96 வாரங்களுக்குப் பிறகு, கிருமி கட்டுப்படாமல் போனவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 36 சதவீதம், துணை கிடைத்த பிரிவில் 25 சதவீதம். இரு பிரிவுகளிலும் மருந்து கிடைத்தது. கூடுதலாக அமைந்தது வீட்டுக்கு வந்துபோகும் ஆளும், அவரைச் சுற்றி அமைந்த குழுவும் ஆலோசனையும்தான்.

இதுவரை சொன்னவை கிருமியையும் மருந்தையும் அளந்தவை. ‘சேர்ந்தால் என் தனிமை தீருமா’ என்பது வேறு கேள்வி, அதில் என்னால் இதே உறுதியோடு பேச முடியாது. மனித உறவுகள் ஆயுளோடு தொடர்புடையவை என்பதற்குப் பொதுவான சான்று உண்டு: 148 ஆய்வுகளையும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான அலசல், நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்றது. ஆனால் அது பொதுமக்களைப் பற்றியது. அத்துடன், உறவுகள் குறைந்ததால் உடல் நலிந்ததா, உடல் நலிந்ததால் உறவுகள் குறைந்தனவா என்பதை இத்தகைய அலசலால் முழுவதும் பிரித்துக் காட்ட முடியாது. மாதம் ஒருமுறை வட்டமாக உட்காருவதால் மட்டும் தனிமை போய்விடும் என்று எவராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தவறாமல் வந்து, வந்த மாதிரியே தனியாகத் திரும்பிப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் அனுபவத்தில் தேறிய விடை இது: கேட்க மட்டும் வந்தவர்களைவிட, ஏதோ ஒன்றைச் செய்ய வந்தவர்களுக்கு, அல்லது செய்யும்படி ஆனவர்களுக்கு, குழு அதிகம் உதவியது. ஒரு பெண்மணி முதல் 6 கூட்டங்களுக்கும் வந்து, கதவை ஒட்டிய நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏழாவது மாதம், அன்று காலைதான் தொற்று உறுதியான ஓர் இளைஞர் வெளியே நடைக்கூடத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எனக்கு உள்ளே வேலை இருந்தது. ‘அம்மா, அந்தத் தம்பியோடு 10 நிமிடம் உட்கார முடியுமா?’ என்று அவரிடம் கேட்டேன். அவர் 40 நிமிடம் உட்கார்ந்தார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டபோது, பெரிதாக ஒன்றும் இல்லை, முன்பு கொடுத்துவந்த எஃபாவிரென்ஸ் மாத்திரை போட்ட புதிதில் தனக்கு வந்த விசித்திரக் கனவுகளைச் சொன்னதாகவும், அதைக் கேட்டு அந்தப் பையன் ஒருமுறை சிரித்துவிட்டதாகவும் சொன்னார். அடுத்த மாதக் கூட்டத்தில் கைப்பை தரையில் இருந்தது. ஒரு சம்பவத்தை வைத்து விதி எழுதக் கூடாதுதான். ஆனாலும், உதவி பெறுபவர் என்ற இடத்திலிருந்து உதவி செய்பவர் என்ற இடத்துக்கு ஒருவர் நகரும்போது ஏதோ மாறுகிறது என்பதை இவரிடம் மட்டுமல்ல, பலரிடம் கண்டிருக்கிறேன்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தவர்களே. 1983 ஜூன் மாதம், நோய்க்கு இன்னும் மருந்து இல்லாத காலத்தில், அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு சுகாதார மாநாட்டு மேடையில் எய்ட்ஸ் நோய் கண்ட சிலர் ஏறி ஓர் அறிக்கையை வாசித்தார்கள். எங்களைப் ‘பலியானவர்கள்’ என்று அழைக்காதீர்கள், நாங்கள் ‘எய்ட்ஸுடன் உள்ள மனிதர்கள்’, எங்களைப் பற்றிய முடிவுகள் எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் எங்களுக்கும் இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம். 1987-இல் உகாண்டாவில் நோரீன் கலீபா தன் கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த பிறகு, அதே துயரத்தில் இருந்த ஒரு சிலரோடு சேர்ந்து ‘டாசோ’ என்ற ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். 1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்திட்ட பிரகடனம், தொற்றுடன் வாழ்பவர்களைத் திட்டமிடுதலிலும் செயல்படுத்துதலிலும் ஈடுபடுத்த வேண்டும் என்பதை அரசுகளின் கடமையாகவே ஏற்றது. இன்று உங்கள் மருத்துவமனை உங்களை ஒரு குழுவுக்கு அழைக்கிறது என்றால் அந்த அழைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு இரக்கம் காட்டுவதற்காக அந்தக் குழுக்கள் தோன்றவில்லை.

சரி, பயத்துக்கு வருவோம். அதை மனப்பிரமை என்று நான் ஒதுக்கமாட்டேன். தென்னாப்பிரிக்காவில் குகு டிலாமினி என்ற இளம் செயற்பாட்டாளர் 1998 டிசம்பரில் தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதத்தில் அவரை அடித்தே கொன்றார்கள். வெளியே சொல்வதுதான் வீரம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்டில் அதே காலத்தில் தொடங்கப்பட்ட சிகிச்சைச் செயல் இயக்கம் இதற்கு ஓர் அழகான வழி கண்டது. மார்பில் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று பெரிதாக அச்சிட்ட சட்டையை, தொற்று உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வேறுபாடின்றி எல்லோரும் அணிந்தார்கள். 2002-இல் நெல்சன் மண்டேலாவும் அணிந்தார். ஆயிரம் பேர் அணிந்திருக்கும்போது யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. ஊர்வலத்தின் நடுவில் நின்று முழக்கமிடலாம், உங்கள் ரகசியம் உங்களிடமே இருக்கும். வெளிப்படுத்தாமலே பங்கேற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பு, கணக்கு, துண்டறிக்கை எழுதுதல், புதிதாக வந்தவர்களோடு பெயர் சொல்லாமல் தொலைபேசியில் பேசுதல் என்று முகம் காட்டாத வேலைகள் இப்படிப்பட்ட அமைப்புகளில் நிறைய உண்டு.

ஒரு குழுவுக்குப் போவதற்கு முன் அதை நடத்துபவரிடம் தனியாகப் பேசி, சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருகைப் பதிவேடு இருக்கிறதா, இருந்தால் அதில் உண்மைப் பெயர் வேண்டுமா, அது யார் பொறுப்பில் இருக்கும்? படம் எடுப்பார்களா? கூட்டம் நடக்கும் அறையின் வாசலில் என்ன எழுதியிருக்கும்? வெளியே தற்செயலாகச் சந்தித்தால் என்ன வழக்கம்? நல்ல குழுக்களில் கடைசிக் கேள்விக்கு உடனே விடை வரும். எங்கள் வழக்கம், எதிரில் வருபவர் முதலில் கண்ணால் பேசினால் ஒழிய, தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது. அங்கே தெரிந்த முகம் ஒன்றைப் பார்க்க நேரிடும் வாய்ப்பை எவராலும் முற்றிலும் நீக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார்; அவருடைய ரகசியமும் உங்கள் கையில் இருக்கும். படத்தைப் பற்றி நான் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை ஆண்டு அறிக்கைக்காகக் கூட்டத்தைப் பின்புறமிருந்து படமெடுக்க நானே அனுமதித்தேன். முகம் தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். முகம் தெரியவில்லைதான். ஆனால் ஒருவருடைய பின்னலையும் அதில் செருகியிருந்த கொண்டையூசியையும் அவருடைய அலுவலகத் தோழி அடையாளம் கண்டுகொண்டார். அவர் அதன்பின் வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு எங்கள் அறைக்குள் கேமரா வந்ததில்லை.

இணையக் குழுக்களைப் பற்றி என் கருத்து கலவையானது. நேரில் போகவே முடியாதவர்களுக்கு, நள்ளிரவில் பயம் கவ்வும்போது, அவை பெரும் துணை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அந்த நிமிடமே உங்கள் எண் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிந்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தனி எண், படமில்லாத முகப்பு, புனைபெயர் இவை மூன்றும் இல்லாமல் சேர வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்லும், அல்லது முழுவதும் குணமாக்குவதாகச் சொல்லி எதையாவது விற்கும் ஆள் ஒருவர் இருந்து, நடத்துபவர் அவரை வெளியேற்றவில்லை என்றால் நீங்கள் வெளியேறிவிடுங்கள்.

குழு வேண்டாம் என்றே நீங்கள் முடிவெடுத்தாலும், ஒருவரிடமாவது சொல்வதைப் பற்றி யோசிக்கச் சொல்வேன். ஒரே ஒருவர் போதும். அவரைத் தேர்ந்தெடுக்க அவசரப்பட வேண்டாம். பிறருடைய நோயையும் பிறருடைய ரகசியத்தையும் அவர் உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று சில மாதம் கவனியுங்கள். அடுத்தவர் கதையை உங்களிடம் கொட்டுபவர், உங்கள் கதையை இன்னொருவரிடம் கொட்டுவார். சொல்லிவிட்டதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், சொல்ல நினைக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களை உங்கள் ஆலோசகரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்பது எங்கள் வேலையில் ஒரு பகுதிதான், சங்கடப்பட வேண்டாம். உடலுறவு இணையரிடம் சொல்வது மட்டும் வேறு கணக்கு: அதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, சில இடங்களில் சொல்லாமலிருப்பதே குற்றமாகலாம். அதை உங்கள் இடத்தின் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தொற்றோடு தொடர்பே இல்லாத உறவுகளையும் குறைத்து மதிக்காதீர்கள். பாட்டுக் குழு, விளையாட்டு, நூலகம், தெருவிலங்குகளைப் பராமரிப்பவர்கள் என்று எதுவானாலும், வாரத்தில் ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கும் ஓர் இடம் இருந்தால் அதுவும் இணைப்புதான். சிலருக்கு எச்.ஐ.வி.யை மறந்து இருக்கும் இரண்டு மணி நேரமே தேவைப்படுகிறது. அவர்களைக் குழுவுக்கு இழுப்பது சரியாகாது. அதேபோல், தூக்கம் கெட்டு, பசி குறைந்து, முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அதற்குக் குழு மருந்தாகாது. அது மனச்சோர்வாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேராகச் சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேருவதாகவோ சேரமாட்டேன் என்றோ இப்போதே முடிவெடுக்கமாட்டேன். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, குழுவை நடத்துபவர் யார் என்று கேட்டு, மேலே சொன்ன கேள்விகளோடு அவரிடம் 10 நிமிடம் பேசுவேன். விடைகள் மனத்துக்குப் பிடித்தால் 3 கூட்டங்கள் போய்ப் பார்ப்பேன். முதல் கூட்டம் எவருக்குமே சங்கடமாகத்தான் இருக்கும், ஒன்றை வைத்து எடைபோட முடியாது. கதவை ஒட்டிய நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பேசச் சொல்லி எவரும் கட்டாயப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.